உத்தியோகத்தரும் இணையவழிக் கல்வியும்

பழைய மாணவர் இருவர் எங்கே சந்தித்தாலும் முதலிற் பேசப்படுவது கல்லூரியைப் பற்றி. அடுத்துப் பேசப்படுவது உத்தியோகத்தைப் பற்றி. முதற் பேச்சு இனிமையாக முடியும். இரண்டாவது பேச்சு அண்மைக் காலத்திற் பெரும்பாலும் ஒரு முறைப்பாட்டிலே முடிவதை யாம் கவனித்து வருகின்றோம். வங்கியிற் கடமையாற்றுபவர், வைத்தியசாலையிற் பணிபுரிபவர், பிரதேச செயலகத்தில் இருப்பவர், பாடசாலை அதிபர் ஆகிய அனைவரும் கூறுவது ஒன்றே: "இணையத்தில் இன்னுமொரு பயிற்சி வந்திருக்கிறது; மாத முடிவுக்குள் முடித்துச் சான்றிதழைக் காட்ட வேண்டுமாம்." கற்றலை ஒரு பேறாகப் போற்றிய கல்லூரியிலிருந்து வெளிவந்தோர், அதனை ஒரு தண்டமாகக் கருதும் நிலை எவ்வாறு வந்தது?

மலர்க்குழுவினர் எம்மிடங் கட்டுரை கேட்டபொழுது விடுதிச் சாப்பாட்டையும் பழைய ஆசிரியர்களையும் பற்றி எழுதுவோமென்றே எதிர்பார்த்திருப்பர். அவற்றை எம்மிலும் நன்றாக எழுதவல்லார் பலர் உளர். யாம் இவ்விடயத்தை எடுத்துக்கொண்டமைக்குக் காரணம் உண்டு. நம்மிற் பலர் இன்று சுற்றுநிருபத்தைப் பெறும் ஆசனத்தில் அல்லர். அதனை எழுதும் ஆசனத்தில் இருக்கின்றனர். ஓர் உத்தியோகத்தனின் மாலைப் பொழுது எவ்வாறு கழிதல் வேண்டுமென்பதை அவர்களது கையொப்பம் தீர்மானிக்கின்றது.

யாம் ஓய்வுபெறுமுன் இறுதியாகப் பணியாற்றிய நிறுவனத்தின் பெயரைக் கூறவேண்டுவதில்லை. அங்கே நிகழ்ந்தது பல இடங்களிலும் நிகழ்வதே. கொழும்பிலே தலைமைக் காரியாலயம். வடக்கிலும் கிழக்கிலும் மலைநாட்டிலும் கிளைகள். அதுகாறுங் கடதாசியில் எழுதப்பட்டுவந்த கொடுப்பனவு வவுச்சர்கள் யாவும் இனிக் கணினியிலேயே எழுதப்படல் வேண்டுமென 2021ஆம் ஆண்டிலே தீர்மானிக்கப்பட்டது. உத்தியோகத்தரைப் பழக்குதற்கு இணையவழிப் பயிற்சியொன்று பெரும் பொருட்செலவில் ஆயத்தஞ் செய்யப்பெற்றது. பதினொரு பாடங்கள், பாடந்தோறும் ஒரு காணொளி, காணொளியின் ஈற்றில் ஐந்து வினாக்கள். படங்கள் தெளிவானவை, குரல் இனிமையானது, தமிழ், சிங்களம், ஆங்கிலம் என மும்மொழியிலும் அமைந்திருந்தது. ஆக்கியோரைக் குறைகூற இடமேயில்லை. டிசம்பர் 31க்குள் அனைவரும் முடித்தல் வேண்டுமெனச் சுற்றுநிருபம் வந்தது. அனைவரும் முடித்தனர். எமது பிரிவில் ஏறக்குறைய நாற்பது பேர், நாற்பதின்மரும் சித்தியெய்தினர். பாராட்டுக் கடிதமும் வந்தது.

ஜனவரியில் வவுச்சர்கள் திரும்பிவரத் தொடங்கின. ஒன்றிற் செலவுத் தலைப்புப் பிழை. இன்னொன்றில் அங்கீகரிக்க வேண்டியவர் வேறொருவர். மற்றொன்றில் இணைக்கவேண்டிய பத்திரத்தைக் காணோம். பழைய கடதாசி முறையிலும் இத்துணைப் பிழைகள் நிகழ்ந்ததில்லை. பொருள் வழங்கியோர் பணங் கேட்டு வாயிலில் நின்றனர். யாம் மெல்ல விசாரித்தபொழுது உண்மை வெளிவந்தது. காணொளி திரையின் ஒரு மூலையில் ஓடிக்கொண்டிருக்க, உத்தியோகத்தர் மறுபுறத்திலே தமது வழமையான வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தனர். வினாக்களுக்குரிய விடைகள் ஒரு தாளில் எழுதப்பெற்று மேசைக்கு மேசை சென்றன. மேலுத்தியோகத்தர் சிலர் தமது கடவுச்சொல்லைப் புதிதாகச் சேர்ந்த இளைஞர் ஒருவரிடங் கொடுத்துவிட்டனர். அவ்விளைஞர் ஏழு பேருக்காகப் பதினொரு பாடங்களையும் முடித்திருந்தார். எழுபத்தேழு பாடங்களைப் பார்த்த அவரேனும் நன்கு கற்றிருப்பாரென எண்ணி வினாவினோம். "எந்த விடையை அழுத்த வேண்டுமென்று தெரியும் ஐயா, வவுச்சர் எழுதத் தெரியாது" என்றார். அவரிடங் கொடுக்கப்பட்ட அவ்வேழு கடவுச்சொற்களுள் ஒன்று எம்முடையது என்பதை இங்கே மறைத்தல் தகாது.

இதனைக் கேட்கும் பெரியோர் சிலர், "இக்காலத்தவர்க்குச் சிரத்தையில்லை" என்று ஒரு வாக்கியத்தில் விடயத்தை முடித்துவிடுவர். யாம் அதற்கு உடன்படோம். அதே உத்தியோகத்தர் புதிய கைத்தொலைபேசியை ஒரே மாலையிற் பழகிக்கொள்கின்றனர். கடல் கடந்து வாழும் பிள்ளையின் முகத்தைப் பார்த்துப் பேசுதற்கு எழுபது வயது அன்னையர் எவருடைய சுற்றுநிருபமுமின்றிக் கற்றுக்கொண்டனர். அவர்க்கு ஒரு தேவை இருந்தது. அருகிலே காட்டிக்கொடுக்க ஒரு பேரப்பிள்ளை இருந்தது. பிழைத்தால் உடனே தெரிந்தது. எமது நாற்பதின்மருக்கு இவற்றுள் ஒன்றுமே இருக்கவில்லை. அவர்கள் பாடங் கற்ற நவம்பரிற் கணினி வவுச்சர் என்பது நடைமுறைக்கு வந்திருக்கவேயில்லை. இல்லாத நோய்க்கு மருந்துண்டவர்போல, இல்லாத வினாவுக்கு விடை கேட்டுக்கொண்டிருந்தனர்.

தூரத்திலிருந்து கற்றல் நமது சமூகத்துக்குப் புதிய காரியமன்று. இலண்டன் பல்கலைக்கழகம் 1858இல் தனது பரீட்சைகளை வெளிவாரி மாணாக்கருக்குத் திறந்துவிட்டது. 1921இற் கொழும்பிலே தோன்றிய பல்கலைக்கழகக் கல்லூரியும், 1942இல் இலங்கைப் பல்கலைக்கழகம் எழும்வரை, அவ்விலண்டன் பரீட்சைகளுக்கே மாணாக்கரை ஆயத்தஞ் செய்தது. அக்கல்லூரியின் வாயிலை மிதிக்க வசதியில்லாத உபாத்தியாயர்களும் இலிகிதர்களும் தபாலிற் பாடங்களை வரவழைத்துப் படித்துப் பட்டதாரிகள் ஆயினர். அத்தகையோர் ஒருவரேனும் இல்லாத குடும்பம் நம் மத்தியில் அரிது. அவர்களை எண்ணுந்தோறும் நாம் விளக்கொளியையும் விடாமுயற்சியையும் பற்றியே பேசுகின்றோம். அது பாதி உண்மை. தொடங்கியவர் எல்லோரும் முடித்தாரல்லர். பாதியிலே விட்டவர் பெயரை எவரும் மலரில் எழுதுவதில்லை.

மறு பாதியை அறிதற்கு இன்னுஞ் சிறிது பின்னே செல்லுதல் வேண்டும். 1840இல் இங்கிலாந்தில் ஒரு பென்னிக்குக் கடிதம் அனுப்பும் வசதி ஏற்பட்டபொழுது, ஐசக் பிற்மன் என்பார் தமது சுருக்கெழுத்து முறையைத் தபால் மூலங் கற்பிக்கத் தொடங்கினார். மாணாக்கர் பயிற்சியை எழுதி அனுப்புவர். அது திருத்தப்பெற்று அவரிடமே மீளும். இந்த மீட்சியே அம்முறையின் உயிர் என்பது எமது துணிபு. பாடத்தை அனுப்புதல் எளிது. அச்சுப் புத்தகம் தோன்றிய நாள்தொட்டு அது நடைபெறுகின்றது. கற்பவன் எழுதியதை ஒருவர் வாசித்து, "இங்கே பிழைத்தாய், இப்படி எழுது" என்று திருப்பி அனுப்பியதே புதுமை. அன்று நம் மூத்தோர் தபாற்காரனை எதிர்பார்த்து நின்றது அடுத்த பாடத்துக்காக மட்டுமன்று. தாம் எழுதியதற்கு என்ன விடை வந்ததென்று அறிதற்காகவும் ஆகும். பிற்மன் காலத்துக் கடிதம் போய்வர நாட்கள் சென்றன. இன்று நொடியிற் செல்கின்றது. எனினும் எமது நிறுவனத்துப் பயிற்சியில் அனுப்புதல் இருந்தது, மீளுதல் இருக்கவில்லை. வேகம் பெருகி உயிர் போயிற்று.

இனி எண்களைச் சற்று நோக்குவோம். அமெரிக்காவிலே ஹாவார்ட் பல்கலைக்கழகமும் எம்.ஐ.ரி.யும் 2012இல் 'எட்எக்ஸ்' என்னும் நிலையத்தை நிறுவி, உலகத்தவர் எவருங் கற்கக்கூடிய இணையவழிப் பாடங்களை வழங்கின. ஆறு ஆண்டுகளின் பதிவேடுகளை ஆராய்ந்த இருவர் 2019இல் வெளியிட்ட கணக்கின்படி, பெயர் பதிந்தோரில் நூற்றுக்கு 52 பேர் பாடத்தின் உட்பக்கத்தைத் திறந்து பார்க்கவேயில்லை. 2017-18இல் முடித்தவர் நூற்றுக்கு மூவர். ஆயின் கட்டணஞ் செலுத்திச் சான்றிதழ் நாடியோருள் முடித்தவர் நூற்றுக்கு 46. நிறுவனத் தலைவர்கள் இவ்வெண்களைக் கண்டு, "ஆகவே கட்டாயப்படுத்துதல் வேண்டும்" என்ற முடிவுக்கு வருகின்றனர். எமது பிரிவிலே கட்டாயப்படுத்தப்பட்டது. நூற்றுக்கு நூறும் முடித்தனர். உலகப் புகழ்பெற்ற இரு கல்விநிலையங்கள் எய்தமுடியாத வெற்றியை யாம் எய்தினோம்! அங்கே முடித்த மூவருக்காவது ஏதோ தெரிந்திருக்கும். முடித்தவர் தொகையைக் கொண்டு கல்வியை அளத்தல், கோயிலிற் கழற்றிய செருப்பை எண்ணிப் பத்தியை அளத்தல் போலாம்.

ஆயின் இணையவழியாற் பணியிடத்திற் கற்றல் எங்குமே கைகூடவில்லையா? கைகூடியிருக்கின்றது. யாம் அறிந்தவற்றுள் மிகச் சிறந்ததென எண்ணும் ஒன்றைச் சற்று விரித்துக் கூற விரும்புகின்றோம்.

ஐக்கிய அமெரிக்காவின் தென்மேற்கிலே நியூ மெக்சிக்கோ என்றொரு மாநிலம் உண்டு. பரப்பில் இலங்கையைப்போல் ஏறக்குறைய ஐந்து மடங்கு. மக்களோ இருபது இலட்சத்துக்குச் சிறிது மேல். பாலைநிலமும் மலையுமாகிய அவ்விடத்திலே மருத்துவ நிபுணர் பெரும்பாலும் அல்புக்கேர்க்கி என்னும் ஒரு நகரத்திலேயே இருந்தனர். ஹெப்பற்றைற்றிஸ் சி என்னும் ஈரலழற்சி அங்கே பல்லாயிரவரைப் பீடித்திருந்தது. அக்காலத்தில் அதற்குரிய சிகிச்சை கடுமையானது. மாதக்கணக்கில் ஊசியேற்றி, பக்கவிளைவுகளைக் கண்காணித்து வருதல் வேண்டும். கிராமத்து வைத்தியர் அதனைச் செய்ய அஞ்சினர். ஆதலின் நோயாளர் நூற்றுக்கணக்கான மைல் பிரயாணஞ் செய்து நகரத்து நிபுணரைக் காண வந்தனர். சஞ்சீவ் அரோரா என்னும் இந்திய வைத்தியர் அங்குப் பல்கலைக்கழக வைத்தியசாலையில் ஈரல் நோய் நிபுணராக இருந்தார். அவரைக் காண எட்டு மாதங் காத்திருத்தல் வேண்டியிருந்தது. காத்திருப்போரிற் சிலர் முறை வருமுன் மருந்துக்கு அப்பாற்பட்ட நிலையை அடைந்துவிடுவர்.

2003இல் அவர் ஒரு முயற்சியைத் தொடங்கினார். அதற்கு 'எக்கோ' என்று பெயர். எதிரொலி என்பது பொருள். இக்கால வழக்கப்படி நோக்கின், அவர் தமது விரிவுரைகளைப் படம்பிடித்து மாநிலமெங்கும் அனுப்பியிருத்தல் வேண்டும். அவர் அவ்வாறு செய்திலர். வாரத்தில் ஒரு நாள், குறித்த வேளையில், கிராமத்து வைத்தியர்களும் தாதியரும் தத்தம் இடத்திலிருந்தவாறே காணொளித் தொடர்பில் ஒன்றுகூடினர். ஒவ்வொருவராகத் தமது நோயாளர் ஒருவரைப் பற்றி, பெயரை விடுத்து, எடுத்துரைப்பர்: வயது இன்னது, இரத்தப் பரிசோதனை இன்னது, இந்த வாரம் இப்படி ஆயிற்று, யான் என் செய்வது? அரோராவும் அவருடன் இருந்த மனநோய் வைத்தியர், மருந்தியலாளர் முதலியோரும் கேட்டு ஆலோசனை கூறுவர். இடையிற் சிறியதொரு விரிவுரையும் உண்டு, அது பிரதானமன்று. அடுத்த வாரம் அதே வைத்தியர் வந்து, சொன்னபடி செய்ததனால் விளைந்தது என்ன என்று சொல்வர். மற்றையோர் கேட்டுக்கொண்டிருப்பர், ஒருவருடைய நோயாளர் இருபது பேருக்குப் பாடமாவார்.

2011இல் இதன் பெறுபேறு நியூ இங்கிலாந்து மருத்துவ சஞ்சிகையில் வெளிவந்தது. சிகிச்சை பெற்ற 407 நோயாளரைத் தொடர்ந்து அவதானித்திருந்தனர். அவர்களுள் 146 பேர் பல்கலைக்கழக நிலையத்திற் சிகிச்சை பெற்றோர். 261 பேர், சிறைச்சாலைகள் ஐந்து உட்பட, 21 வெளியிடங்களிற் சிகிச்சை பெற்றோர். நிபுணர் கையிற் குணமடைந்தோர் நூற்றுக்கு 57.5, கிராமத்து வைத்தியர் கையிற் குணமடைந்தோர் நூற்றுக்கு 58.2. இவ்விரு பிரிவினருஞ் சீட்டுப் போட்டுப் பிரிக்கப்பட்டவர் அல்லர். ஆதலிற் கிராமத்து வைத்தியர் நிபுணரை விஞ்சினர் என்று கொள்ளுதல் தவறு. அவர் கையிலும் நோயாளர் அவ்வளவிற் குணமடைந்தனர் என்பதே செய்தி. அதற்குமுன் அவ்வைத்தியர்கள் இந்நோயைத் தொடவே அஞ்சியவர்கள். அம்முறை இன்று பல நாடுகளிற் பரவியுள்ளது. பெங்களூரிலுள்ள நிம்ஹான்ஸ் மனநல நிலையமும் அதனைக் கைக்கொண்டு தொலைவிலுள்ள வைத்தியர்களுக்குப் பயிற்சியளித்து வந்துள்ளது.

இங்கே எமது உள்ளத்தைக் கவர்ந்தது கருவியன்று. எமது நிறுவனத்துக் கருவி அதனிலுஞ் சிறந்தது. இங்கே பாடத்தைத் தெரிவு செய்தவர் ஆசிரியரல்லர். அன்று காலை நாற்காலியில் வந்து அமர்ந்த நோயாளர். வினா பணியிலிருந்து வந்தது. விடை பணிக்குத் திரும்பியது. சரியோ பிழையோ என்பதை அடுத்த வாரத்து இரத்தப் பரிசோதனை கூறியது. பிற்மன் திருத்தி அனுப்பிய தாளும் இதுவும் ஒரே இனம்.

"வைத்தியர் படித்தவர், உயிரோடு விளையாடுபவர், அவர்க்குச் சிரத்தை இயல்பாகும். இலிகிதருக்கு இது பொருந்துமா?" என்று ஒரு நண்பர் எம்மை வினவினார். பொருந்தும் என்பதே எமது விடை. வவுச்சர் திரும்பி வந்தவனுக்கும் அன்று ஒரு வினா உண்டு; அவன் வாயிலிலும் ஒருவர் பணத்துக்குக் காத்து நிற்கின்றார். மற்றொரு நண்பர் வங்கியொன்றிற் பெரிய பதவியில் இருப்பவர்; ஆயிரக்கணக்கான ஊழியரை வாரந்தோறும் உட்காரவைத்துப் பேசமுடியுமோ என்றார். எல்லாவற்றுக்கும் வேண்டுவதில்லை. தீயணைப்புக் கருவி எங்கே இருக்கின்றது, புதிய விடுமுறைப் பத்திரத்தை எவ்வாறு நிரப்புவது என்பனவற்றுக்குப் பத்து நிமிடக் காணொளி போதும்; அதனைப் பழித்தல் எமது நோக்கமன்று. தீர்ப்புச் செய்யவேண்டிய வேலைக்கு, அஃதாவது விதி ஒன்றாகவும் எதிரே நிற்கும் காரியம் வேறொன்றாகவும் இருக்கும் வேலைக்கு, அது போதாது.

மறதியைப் பற்றியும் ஒரு சொல். 2006இல் அமெரிக்க உளவியலாளர் இருவர், ரோடிகர், கார்ப்பிக்கி என்போர், மாணவருக்கு ஓர் உரைப்பகுதியைக் கொடுத்தனர். ஒரு பிரிவினர் அதனை நான்கு முறை வாசித்தனர். இன்னொரு பிரிவினர் ஒருமுறை வாசித்துவிட்டு, மூடிவைத்து, நினைவிலிருந்ததை மும்முறை எழுதினர். ஐந்து நிமிடங்களின் பின் சோதித்தபொழுது வாசித்தவரே முன்னின்றனர்: அவர்க்கு நூற்றுக்கு 83, எழுதியவர்க்கு 71. ஒரு வாரத்தின் பின் நிலை மாறியது: வாசித்தவர்க்கு 40, எழுதியவர்க்கு 61. காணொளி முடிந்த மறுகணமே ஐந்து வினாக் கேட்டுச் சித்தியென அறிவிக்கும் பயிற்சிகள், அந்த ஐந்து நிமிடத்துப் புள்ளியையே வழங்குகின்றன. ஒரு வாரங் கழித்து எவருங் கேட்பதில்லை. வாரந்தோறும் தன் நோயாளரைப் பற்றி நினைவிலிருந்து எடுத்துரைக்க நேர்ந்த கிராமத்து வைத்தியர், தாம் அறியாமலே இரண்டாம் பிரிவினர் ஆயினர்.

இனி, பேசத் தயங்கப்படும் விடயம் ஒன்று. கற்கும் பொழுது யாருடையது? 2020இல் நோய்ப்பரவல் வந்து யாவரும் வீட்டிலிருந்தபொழுது, வீடும் காரியாலயமும் ஒன்றாயின. பயிற்சிகளும் இரவுக்குச் சென்றன. நோய் தணிந்தபின் காரியாலயம் பழைய இடத்துக்கு மீண்டது, பயிற்சி மீளவில்லை. அது இன்னும் இரவு ஒன்பது மணியிலேயே இருக்கின்றது. எமது பிரிவிற் பெண் உத்தியோகத்தர் பாதிக்கு மேற்பட்டவர். அவர்களுள் ஒருவர் தமது நாளை எமக்கு ஒருமுறை விவரித்தார். அதிகாலை நான்கரைக்கு எழுதல், சமையல், பிள்ளைகளைப் பாடசாலையில் விடுதல், பேருந்து, காரியாலயம், மாலையிற் பிள்ளையின் வீட்டுவேலை, மாமியாருக்கு மருந்து, எல்லாரும் உறங்கிய பின் சிறிய கைத்தொலைபேசித் திரையில், தமது பணத்திலே வாங்கிய இணைய வசதியில், நான்காம் பாடம். "கேட்டுக்கொண்டே நித்திரையாகி விடுவேன் ஐயா, காலையில் எழுந்து பார்த்தால் பாடம் முடிந்தது என்று இருக்கும்" என்றார். 2022 மார்ச் இறுதியில் நாடெங்கும் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணிநேர மின்வெட்டு அறிவிக்கப்பட்ட வேளையிலும் எமது பயிற்சியொன்றின் இறுதி நாள் ஒத்திவைக்கப்படவில்லை. கணினி நினைவூட்டல் மட்டும் தவறாது வந்தது.

பயிற்சி நிறுவனத்துக்குப் பயன்படுவதாயின் அதன் பொழுதை நிறுவனமே தருதல் நீதி. இது இரக்கத்தைப் பற்றிய பேச்சன்று, கணக்கைப் பற்றியது. வேலை நேரத்தில் ஒரு மணித்தியாலம் ஒதுக்க மனமில்லாத தலைவர், அப்பயிற்சி ஒரு மணித்தியாலத்துக்கும் பெறுமதியற்றதெனத் தாமே தீர்ப்பளித்து விடுகின்றார். ஊழியர் அத்தீர்ப்பை விரைவில் உணர்ந்துகொள்கின்றனர். மேலுத்தியோகத்தர் தமது கடவுச்சொல்லை இளைஞரிடங் கொடுக்கும்பொழுது அவர்கள் அதனை இன்னுந் தெளிவாக உணர்கின்றனர். எம்மைப் பார்த்தும் உணர்ந்திருப்பர்.

விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்து டொனால்ட் கேர்க்பற்றிக் என்பவர் 1959இலேயே, பயிற்சியொன்றை நான்கு படிகளில் அளக்கலாமென எழுதினார்: பயின்றோர் அதனை விரும்பினரா, கற்றனரா, வேலையில் நடந்துகொள்ளும் முறை மாறியதா, அதனால் நிறுவனத்துக்கு விளைந்தது என்ன. அறுபது ஆண்டுகளுக்கு மேலாயின. நாம் இன்னும் முதற்படியில் நின்று, "பயிற்சி எப்படி இருந்தது? ஐந்து நட்சத்திரங்களில் எத்தனை?" என்று கேட்டுக்கொண்டிருக்கின்றோம்.

திரும்பிவந்த வவுச்சர்கள் பெருகியபின், 2022இன் பிற்பகுதியில், பிரிவுத் தலைவரென்ற முறையில் ஏதேனும் செய்தல் எமக்குக் கடமையாயிற்று. புதிய கருவி வாங்கப் பணமில்லை. வியாழக்கிழமை பிற்பகல் இரண்டு மணிக்கு ஒரு மணித்தியாலம் வேலையை நிறுத்தினோம். தொலைபேசிக்கு ஒருவரை மட்டும் இருத்தினோம். கிளைகளும் திரையிற் சேர்ந்தன. கொழும்பிலிருந்து கணக்காளர் ஒருவர் வருவதற்கு இசைந்தார். அவ்வாரந் திரும்பிவந்த வவுச்சர்களுள் இரண்டு, பெயர் மறைக்கப்பெற்று, திரையிற் காட்டப்படும். எழுதியவர் விரும்பினால் தாமே பேசலாம். முதல் மூன்று வாரமும் ஒருவரும் வாய் திறக்கவில்லை. பிழையை ஒப்புக்கொண்டால் வருடாந்தச் சம்பள உயர்வு பாதிக்கப்படுமோ என்ற அச்சம். நான்காம் வாரம் யாம் எமது சொந்த வவுச்சர் ஒன்றைக் கொண்டுசென்றோம். யாமே பிழையாக அங்கீகரித்தது. கணக்காளர் எம்மை நன்றாகத் திருத்தினார். சிலர் சிரித்தனர். அதன் பின்பே பேச்சுத் தொடங்கியது.

நெடுந்தீவுக் கிளையிலிருந்து வந்த ஒரு கேள்வி நினைவில் நிற்கின்றது. குறிகட்டுவானிலிருந்து பொருள் ஏற்றிச் செல்ல வாடகைக்கு அமர்த்திய இயந்திரப் படகின் உரிமையாளரிடம் அச்சிட்ட பற்றுச்சீட்டு இல்லை. கணினியோ பற்றுச்சீட்டின் இலக்கம் இல்லாமல் அடுத்த பக்கத்துக்குச் செல்ல விடாது. அங்கிருந்த இளம் உத்தியோகத்தர் மூன்று மாதமாகத் தமது பணத்திலிருந்தே படகோட்டிக்குக் கொடுத்து வந்திருந்தார். எவரிடங் கேட்பதென்று அவருக்குத் தெரியவில்லை. பதினொரு பாடங்களில் எதிலும் கடல் இருக்கவில்லை. கணக்காளருக்கும் அதற்கு விடை தெரியாது. தெரியாதென்று ஒளியாமற் கூறினார். ஒரு வாரந் தவணை கேட்டுச் சென்று, மறு வியாழக்கிழமை கையெழுத்துச் சாட்சியத்துடன் கொடுப்பனவு செய்யும் வழியொன்றைக் கொண்டுவந்தார். பின்னர் அவ்வழி ஏனைய தீவுக் கிளைகளுக்கும் எழுத்தில் அறிவிக்கப்பட்டது. கற்பிக்க வந்தவர் கற்றுக்கொண்டு சென்றார். இளைஞர் தமது பணத்தைத் திரும்பப் பெற்றார்.

சில மாதங்களில் திரும்பிவரும் வவுச்சர்கள் குறைந்தன. அற்றுப்போயின என்று கூறமாட்டோம். ஒருசிலர் இறுதிவரை கலந்துகொள்ளவில்லை. மின்னிணைப்பு இல்லாத நாட்களும் இருந்தன. யாம் ஓய்வுபெற்ற பின் அந்த வியாழக்கிழமை மணித்தியாலம் வேறொரு கூட்டத்துக்கு எடுத்துக்கொள்ளப்பட்டதென அறிந்தோம். பதினொரு பாடங்களும் இன்றும் இணையத்தில் உள்ளன. புதிதாகச் சேர்பவர் அனைவரும் அவற்றை முடித்து வருகின்றனர்.

நமது பழைய மாணவர் சங்கத்துக்குக் கொழும்பிலும் இலண்டனிலும் ரொறன்ரோவிலும் கிளைகள் உள. கணக்காளர், வைத்தியர், பொறியியலாளர், வங்கியாளர் என அனுபவம் முதிர்ந்தோர் அவற்றில் நிறைந்துள்ளனர். ஆண்டுதோறும் கல்லூரியை விட்டு முதல் வேலைக்குச் செல்லும் இளைஞரிற் பலர், அந்த நெடுந்தீவு உத்தியோகத்தரைப்போல், கேட்பதற்கு ஆளின்றி இருக்கின்றனர். விரிவுரை வேண்டா, சான்றிதழ் வேண்டா. மாதத்தின் முதற் சனிக்கிழமை பின்னேரம் ஒரு மணித்தியாலம். அம்மாதத்தில் வேலையில் இடறிய ஒன்றை ஓர் இளைஞர் கொண்டுவந்து சொல்லட்டும். அறிந்தவர் கேட்டு விடை கூறட்டும். மறுமாதம் அதன் விளைவை அவர் வந்து சொல்லட்டும். செயற்குழுவினர் அடுத்த பொதுக்கூட்டத்தில் இதனை எடுத்துக்கொள்வாராயின், முதற் சனிக்கிழமைக்கு யாம் வருவோம். இம்முறை எமது கடவுச்சொல்லை எவரிடமுங் கொடுத்தனுப்ப மாட்டோம்.